மாதம் நாற்பது அலகா?
பெட்டரி ஸ்கூட்டரின் மின்செலவைக் கணிக்கும் முறை

தமிழ் படிப்பிக்கிற ஒருவன் மின்சாரக் கணக்கு எழுத வந்துவிட்டானே என்று வாசகர்கள் சிரிக்கக் கூடும். என் மாணவர்களும் சிரித்தார்கள். ஆனால் ‘அலகு’ என்ற சொல் எங்களுக்கும் சொந்தமானது. பறவையின் மூக்கை அலகு என்கிறோம். ஒரு செய்யுளை அசை அசையாகப் பிரித்து, நேர், நிரை என்று எண்ணிப் பார்ப்பதை அலகிடுதல் என்கிறோம். மின்சாரப் பட்டியலில் வருகிற அலகும் இந்த எண்ணுகிற அலகுதான். ஊரில் அதை யூனிட் என்பார்கள். வெண்பாவில் தளை தட்டுகிறது என்று சொல்பவர், எந்த இடத்தில் தட்டுகிறது என்று அலகிட்டுக் காட்ட வேண்டும். ‘கரண்ட் கூடப் போகுது’ என்று சொல்பவரும் அப்படித்தான் காட்ட வேண்டும். அலகிடாமல் சொல்லப்பட்ட இரண்டு சொற்களால் எங்கள் வீட்டில் நேர்ந்தது இந்தக் கட்டுரைக்குக் காரணம். அந்த இரண்டில் ஒன்று நான் சொன்னது.

நடந்தது இதுதான்

என் மனைவியின் வாப்பாவுக்கு, அதாவது மாமாவுக்கு, சீனி வருத்தத்தினால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து நாலு வருஷமாகிறது. நாங்கள் இருப்பது அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊரொன்றில். எங்கள் பக்க வழக்கப்படி வீடு மகளுடையது. மாமா தன் கையால் கட்டிக் கொடுத்த வீட்டில்தான் மருமகனாகிய நான் குடியிருக்கிறேன். கட்டாரில் இருக்கும் மச்சான் காசு அனுப்பி, கொழும்பில் பாவித்த ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நாலு சக்கரம், முன்னால் கூடை, இருக்கைக்குக் கீழே இரண்டு பெட்டரி. எங்களூர் மேடு பள்ளம் இல்லாத ஊர் என்பதால் அதற்குப் பொருத்தமாக இருந்தது. இரண்டு வருஷமாக வீட்டோடு கிடந்த மனுசன் மீண்டும் ஜமாஅத்தோடு தொழப் போனார். அந்த முதல் நாள் சுபஹில் உம்மாவும் மகளும் வாசலில் நின்று அழுததை நான் பார்த்தேன்.

ளுஹர் தொழுதுவிட்டு அஸர் வரைக்கும் பள்ளியில் இருப்பது மாமாவின் பழக்கம். அந்த நேரத்தில் விறாந்தையில் உள்ள பிளக்கில் சார்ஜரைப் போட்டு வைப்பார். ஒரு நாள் நிர்வாகத்தில் உள்ள ஒருவர் சார்ஜரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதில் 230 வோல்ட், 2 அம்பியர் என்று எழுதியிருந்தது. அவர் வியாபாரி, மனக்கணக்கில் கெட்டிக்காரர். “இருநூற்றி முப்பத்த ரெண்டால பெருக்கினா நானூற்றி அறுபது வாட். மூணு மணித்தியாலம். மாசம் நாற்பது யூனிட் போகுது ஹாஜியார்” என்றாராம். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. பள்ளிக் காசுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் அவர்.

மாமா பதில் பேசவில்லை. பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் எங்களிடமும் சொல்லவில்லை.

அந்த மாதம் வீட்டுக் கரண்ட் பில் கூடி வந்தது. நான் விறாந்தையில் நின்று, “என்ன இது, இவ்வளவு வந்திரிக்கி? எதுல போகுது?” என்று சத்தமாகக் கேட்டேன். அறைக்குள் இருந்த மாமாவுக்கு அது கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து அவர் சில நாளைக்கு ஒரு முறைதான் சார்ஜ் போட்டார். மீட்டரில் சிவப்பு எரியும்வரை ஓட்டுவார். நாலாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போகிற வழியில் நடுவெயிலில் வண்டி நின்றுவிட்டது. இரண்டு பொடியன்மார் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். மாமா ஜும்ஆவைத் தவறவிட்டார். பெட்டரி இரண்டும் செத்துப் போயிருந்தன. புது ஜோடிக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபா கொடுத்தோம்.

பில் கூடியதற்குக் காரணம் பிறகு தெரிந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு றப்பர் கிழிந்து, இராப்பகலாக மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து கணக்குப் பார்க்கப் பழகினேன். சீனி வருத்தமும் மூட்டு வருத்தமும் உள்ள மூத்தவர்கள் எங்கள் ஊர்களில் கூடி வருகிறார்கள். இந்த வண்டிகளும் கூடி வருகின்றன. எனவே படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பெட்டரியில் எவ்வளவு கொள்ளும்?

ஒரு கிலோவாட் மணித்தியாலம்தான் ஓர் அலகு. ஆயிரம் வாட் எடுக்கும் ஒரு சாமான் ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் மீட்டரில் ஓர் அலகு ஏறும். நூறு வாட் சாமான் பத்து மணித்தியாலம் வேலை செய்தாலும் அதே ஓர் அலகுதான்.

பெட்டரியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வோல்ட், மற்றது அம்பியர் மணித்தியாலம். இரண்டையும் பெருக்கினால் அது கொள்ளும் சக்தி வாட் மணித்தியாலத்தில் வரும். ஆயிரத்தால் வகுத்தால் அலகு.

இந்த ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 12 வோல்ட் பெட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே மொத்தம் 24 வோல்ட். இங்கே பலர் ஒரு பிழை விடுகிறார்கள். எங்கள் வண்டியில் உள்ளவை 50 அம்பியர் மணித்தியாலப் பெட்டரிகள். இரண்டும் சேர்ந்தால் 100 என்று எண்ணி, அதை 24ஆல் பெருக்கிவிடுகிறார்கள். தொடராக இணைத்தால் வோல்ட்தான் கூடும், அம்பியர் மணித்தியாலம் கூடாது. சரியான கணக்கு இது:

24 × 50 = 1200 வாட் மணித்தியாலம், அதாவது 1.2 அலகு.

காரில் கழற்றி ஏற்றக்கூடிய சிறிய வண்டிகளில் 12 அம்பியர் மணித்தியாலப் பெட்டரிகள் இருப்பதுண்டு. 24 × 12 = 288. அதாவது 0.3 அலகுக்கும் குறைவு. பெரிய வண்டிகளில் 75 வரை இருக்கும். 24 × 75 = 1800. அதாவது 1.8 அலகு. பெட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிக்கும் இதே கணக்குத்தான்.

போனதுதான் திரும்பி வரும்

முழுக் கொள்ளளவையும் ஒவ்வொரு நாளும் நிரப்புவதில்லை. தண்ணீர்த் தாங்கியில் கால் பங்கு பாவித்திருந்தால் கால் பங்குதான் நிரப்பலாம். இரவு முழுக்கக் குழாயைத் திறந்து வைத்தாலும் மிதவை அடைத்துவிடும். பெட்டரியும் அப்படியே. அதிலிருந்து வெளியே போன அளவும் வழியில் வீணாகும் அளவும் மட்டுமே சுவரிலிருந்து வரும். எத்தனை மணித்தியாலம் பிளக்கில் கிடந்தது என்பதை விட, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது.

மாமா ஒரு நாளைக்குச் சுமார் நாலு கிலோமீற்றர் ஓடுகிறார். எங்கள் மணல் ஒழுங்கைகளில் இந்த வண்டி ஒரு முழுச் சார்ஜில் இருபது கிலோமீற்றரளவு ஓடும். எனவே ஒரு நாளைக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கு. 1.2 அலகில் ஐந்தில் ஒன்று 0.24 அலகு.

வழியில் வீணாவது

சுவரிலிருந்து எடுப்பது அத்தனையும் பெட்டரியில் சேராது. சார்ஜர் சூடாகிறதே, அந்தச் சூடு நாம் காசு கொடுத்த மின்சாரம்தான். சாதாரண சார்ஜர் ஒன்று எடுப்பதில் ஏறத்தாழ 85 சதவீதத்தைத்தான் பெட்டரிக்குக் கொடுக்கும். ஈய அமிலப் பெட்டரியோ தான் வாங்கியதில் 80 முதல் 85 சதவீதம் வரையே திருப்பித் தரும். இரண்டு இழப்புகளையும் சேர்த்தால், வண்டிக்கு ஓர் அலகு போய்ச் சேரச் சுவரிலிருந்து சுமார் 1.4 அலகு எடுக்க வேண்டும். இலிதியம் பெட்டரியில் இழப்புக் குறைவு. அதற்கு 1.2 என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே மாமாவின் ஒரு நாள் கணக்கு 0.24 × 1.4 = 0.34 அலகு. நிரம்பிய பிறகும் சார்ஜர் சில வாட் எடுத்துக்கொண்டிருக்கும். ஐந்து வாட் என்றால் எட்டு மணித்தியாலத்துக்கு 0.04 அலகு. எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 0.4 அலகை எட்டாது. கணக்குக்கு 0.4 என்றே வைத்தால் மாதம் 12 அலகு.

இதை ஒரே வரியில் எழுதினால்:

அலகு = (வோல்ட் × அம்பியர் மணித்தியாலம் ÷ 1000) × பாவித்த பங்கு × 1.4

மாதம் 12 அலகு எவ்வளவு என்று மனதில் பிடிக்க வேண்டுமா? எழுபது வாட் சீலிங் ஃபேன் ஒன்று நாளைக்கு ஆறு மணித்தியாலம் சுற்றினால் மாதம் 12.6 அலகு. மின்கேத்தலில் ஒன்றரை லீற்றர் தண்ணீரை மூன்று தரம் கொதிக்க வைத்தால் ஏறத்தாழ 0.4 அலகு. மாமாவின் ஒரு நாள் நடமாட்டம், மூன்று கேத்தல் சுடுதண்ணீர்.

நாற்பது எங்கிருந்து வந்தது?

இப்போது நிர்வாகத்தவரின் கணக்குக்கு வருவோம். 230 × 2 = 460 வாட். மூன்று மணித்தியாலத்துக்கு 1.38 அலகு. முப்பது நாளைக்கு 41.4 அலகு. பெருக்கல் பிழையில்லை. எடுத்த எண்தான் பிழை.

சார்ஜரின் முதுகில் ‘உள்ளீடு’ என்று எழுதியிருப்பது அது எடுக்கக்கூடிய உச்ச மின்னோட்டம். வயரும் ஃபியூசும் அதைத் தாங்க வேண்டும் என்பதற்காக எழுதப்படுவது. மேலும், ஆடலோட்ட மின்னில் வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வருவது எப்போதும் வாட் அல்ல. சார்ஜர் போன்ற சாதனங்கள் மின்னைத் துண்டு துண்டாக இழுப்பதால், உண்மையில் மீட்டரில் ஏறும் வாட் அதைவிடக் குறைவாக இருக்கும்.

பார்க்க வேண்டியது ‘வெளியீடு’ என்ற வரியை. எங்கள் சார்ஜரில் அது 24 வோல்ட், 5 அம்பியர். சார்ஜ் ஏறும்போது வோல்ட் 28 அளவில் இருக்கும். 28 × 5 = 140 வாட். சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து சுமார் 165 வாட். நானூற்றி அறுபது அல்ல.

அந்த 165 வாட்டும் கடைசி வரை ஓடுவதில்லை. ஆரம்பத்தில் சார்ஜர் முழு அம்பியரைக் கொடுக்கும். பெட்டரி நிரம்பி வரும்போது வோல்ட்டை நிலையாகப் பிடித்துக்கொண்டு அம்பியரைப் படிப்படியாகக் குறைக்கும். பச்சை விளக்கு வந்த பிறகு வெறும் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். ஆகவே உச்ச வாட்டை முழு நேரத்தாலும் பெருக்குவது, நோன்பு திறக்கும்போது முதல் ஐந்து நிமிடத்தில் சாப்பிட்ட வேகத்தை வைத்து, இந்த மனுசன் ஸஹர் வரை இதே வேகத்தில்தான் சாப்பிடுவார் என்று கணக்கிடுவது போன்றது.

பள்ளியில் அந்த மூன்று மணித்தியாலத்தில் மாமாவின் வண்டி எடுத்தது அதிகம் போனால் 0.3 அலகு. மாதம் 9 அலகு. சொல்லப்பட்டது நாற்பது.

கணக்கை நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம்

நானும் என் கணக்கை நம்பவில்லை. இரண்டு விதமாக அளந்தேன்.

முதலாவதற்குக் காசு வேண்டாம். வீட்டு மீட்டரில் சிறிய சிவப்பு விளக்கொன்று சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில், ஓர் அலகுக்கு எத்தனை சிமிட்டல் என்று எழுதியிருக்கும். எங்கள் மீட்டரில் அது 1600. பழைய மீட்டர் என்றால் தட்டு எத்தனை சுற்று என்று இருக்கும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, குளிர்சாதனப் பெட்டியையும் கழற்றிவிட்டு, சார்ஜரை மட்டும் போட்டுப் பத்து நிமிடம் எண்ணினேன். 44 சிமிட்டல். 44ஐ 1600ஆல் வகுத்தால் 0.0275 அலகு. மணித்தியாலத்துக்கு ஆறு மடங்கு, 0.165 அலகு. அதாவது 165 வாட். என் கணக்கும் மீட்டரும் ஒன்றையொன்று பார்த்து ஸலாம் சொல்லிக்கொண்டன.

இரண்டாவது, பிளக்குக்கும் சார்ஜருக்கும் இடையில் பொருத்தும் சிறிய மின்மானி. வயரிங் வேலை செய்யும் தெரிந்த தம்பியொருவரிடம் இரவல் வாங்கினேன். சார்ஜ் ஏறி இறங்கும் எல்லாக் கட்டங்களையும் அதுவே கூட்டிக்கொள்ளும். ஒரு வாரம் வீட்டில் மட்டும் சார்ஜ் போட்டோம். ஏழு நாளுக்கும் 2.9 அலகு காட்டியது. மாதத்துக்குச் சுமார் 12.4. கணக்கில் வந்த 12க்கும் அளவையில் வந்த 12.4க்கும் இடையில் அரை அலகு கூட வித்தியாசம் இல்லை.

அலகைக் காசாக்குவது

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கட்டணம் அடிக்கடி மாறுகிறது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியதை நாம் யாரும் மறக்கவில்லை. 2025 ஜனவரியில் சராசரி 20 சதவீதம் குறைந்து, அதே ஆண்டு ஜூனில் 15 சதவீதம் ஏறியது. எனவே விலையை நான் இங்கே எழுதினால் இதழ் உங்கள் கைக்கு வரும்போது அது பழசாகிவிடும். முறையை மட்டும் சொல்கிறேன். விலையை உங்கள் பில்லில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் வீட்டுக் கட்டணம் படிப்படியானது. கூடப் பாவிக்கப் பாவிக்க, மேற்படியில் ஏறும் அலகுக்கு விலையும் கூடும். ஆகவே மொத்த பில்லை மொத்த அலகால் வகுத்து, ‘ஓர் அலகு இவ்வளவு’ என்று எடுப்பது பிழை. ஸ்கூட்டர் வந்ததால் கூடிய அலகுகள், ஏற்கெனவே உள்ள பாவனையின் மேலே போய் உட்காருகின்றன. எனவே நீங்கள் நிற்கும் மேற்படியின் விலையால்தான் அவற்றைப் பெருக்க வேண்டும்.

விளங்குவதற்காக மட்டும் சில விலைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் மேற்படியில் ஓர் அலகு 20 ரூபா என்றால் 12.4 அலகுக்கு 248 ரூபா. 40 ரூபா என்றால் 496 ரூபா. 60 ரூபா என்றால் 744 ரூபா. ஒரே வண்டி, ஒரே ஓட்டம். வீட்டுக்கு வீடு செலவு மாறுகிறது.

இன்னொரு விஷயம், வசதி குறைந்த வீடுகள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. மாதப் பாவனை 60 அலகுக்குள் நின்றால் ஒரு விலைப் பட்டியல், அதைத் தாண்டினால் வேறு விலைப் பட்டியல். தாண்டிய வீட்டுக்கு முதல் 60 அலகுக்கும் கூடிய விலை விழும். மாதாந்த நிலையான கட்டணமும் படிக்குப் படி கூடுகிறது. தனியாக இருக்கும் வயதான கணவன் மனைவி மாதம் 54 அலகு பாவிக்கிறார்கள் என்று வையுங்கள். ஸ்கூட்டரின் 12 அலகு சேர்ந்தால் 66. இங்கே செலவு 12 அலகின் விலை அல்ல. முழு பில்லும் ஒரு படி தூக்கி வைக்கப்படுகிறது. அப்படியான வீட்டில் கிழமைக்கு ஒரு முறை மீட்டரைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்ப் ஒன்றை 9 வாட் எல்.ஈ.டி. பல்ப்பாக மாற்றினால், நாளைக்கு ஐந்து மணித்தியாலம் எரிவதில் மாதம் ஏழரை அலகு மிஞ்சும். ஸ்கூட்டருக்குத் தேவையானதில் பாதிக்கு மேல் அதிலேயே கிடைத்துவிடும். மாமா மாமியின் நடமாட்டத்தைக் குறைக்கும் முன் பல்ப்பை மாற்றிப் பாருங்கள்.

இரவு பத்தரைக்குப் பிறகு சார்ஜ் போட்டால் மலிவு என்று சிலர் சொல்வதுண்டு. நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறையைக் கேட்டு எடுத்தவர்களுக்கு அது உண்மை. அவர்களுக்கு மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை விலை கூட, பத்தரை முதல் காலை ஐந்தரை வரை விலை குறைவு. சாதாரண வீட்டு பில்லில் நேரத்தைப் பொறுத்து ஒரு சதமும் மாறாது. ஆனாலும் எல்லா வீட்டிலும் விளக்கெரியும் உச்ச நேரத்தைத் தவிர்ப்பது நாட்டுக்கு நல்லது.

பெரிய செலவு மின்சாரமல்ல

நாங்கள் பாடம் படித்தது இங்கேதான். புது பெட்டரி ஜோடி ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபா என்று சொன்னேன். அது முப்பது மாதம் உழைத்தால் மாதம் 3,600 ரூபா. பத்து மாதத்தில் செத்தால் மாதம் 10,800 ரூபா. பக்கத்தில் மின்சாரம் 500 ரூபாவை வைத்துப் பாருங்கள்.

ஈய அமிலப் பெட்டரிக்கு ஆகாதது வெறுமையாகக் கிடப்பது. சார்ஜ் இறங்கிய நிலையில் நாட்கணக்கில் விட்டால், உள்ளே தகடுகளில் ஈய சல்பேற்றுப் பளிங்குகள் இறுகிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அவை கரையாது. கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். மாமா சில நாளைக்கு ஒரு தரம் சார்ஜ் போட்டு மிச்சம் பிடித்தது எவ்வளவு? ஓடிய தூரம் அதேதான், ஆகவே நிரப்ப வேண்டியதும் அதேதான். மிஞ்சியது, நிரம்பிய பின் சொட்டும் அந்தச் சில வாட் மட்டும். நாலு மாதத்தில் ஐந்து அலகு கூட வராது. அந்த ஐந்து அலகுக்காக ஒரு லட்சம் ரூபாப் பெட்டரி போனது.

எனவே ஈய அமிலப் பெட்டரி உள்ளவர்கள் ஓடிய ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட வேண்டும். பச்சை விளக்கு வரும்வரை விட வேண்டும், பாதியில் கழற்றக் கூடாது. சில வாரம் வண்டியை எடுக்காவிட்டாலும் இடைக்கிடை ஏற்றி வைக்க வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரையே பாவிக்க வேண்டும். கார் பெட்டரி சார்ஜரை இதில் கொளுவக் கூடாது. காற்றோட்டமுள்ள இடத்தில், திரைச்சீலை, மெத்தை, பாய்க்கட்டு இல்லாத பக்கமாகப் போட வேண்டும். இலிதியம் பெட்டரி என்றால் அதற்கென்று செய்த சார்ஜர் தவிர வேறெதையும் தொடக் கூடாது.

அளவையில் குறைப்பதும் கூட்டுவதும்

பள்ளிச் சொத்து அமானிதம். அதில் ஓர் அலகாக இருந்தாலும் கேள்வி உண்டு. அந்த நிர்வாகத்தவர் கேட்டதில் பிழை காண மாட்டேன். கேட்காமல் விடுபவரை விடக் கேட்பவர் மேல். ஆனால் அளவை என்பது இரு பக்கமும் சரியாக இருக்க வேண்டியது. அல்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்துக்கே அளவையில் மோசடி செய்வோர் என்பதுதான் பெயர். தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களை அது கண்டிக்கிறது. தராசு கடையில் மட்டும் இருப்பதல்ல. ஒருவர் மேல் ஒன்பதை நாற்பதாக அளந்து வைப்பதும், குளிர்சாதனப் பெட்டியின் குற்றத்தை ஒரு கால் இல்லாத மனுசனின் வண்டியில் ஏற்றுவதும் அளவைப் பிழைதான். நான் வீட்டில் சத்தம் போட்டபோது கையில் தராசே இல்லை.

நிர்வாகத்தவரிடம் இந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். “வெளியீட்டப் பாக்காம உள்ளீட்டப் பாத்துட்டன் சேர்” என்றார். அன்று அஸருக்குப் பிறகு அவரே வீட்டுக்கு வந்து மாமாவிடம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, தேத்தண்ணி மட்டும் கொண்டுபோய் வைத்தேன். பள்ளிகளுக்குத் தனியான கட்டண வகுதி இருக்கிறது. அதுவும் படிப்படியானதுதான். எந்தப் பள்ளியும் தன் பில்லின் மேற்படி விலையை எடுத்து, இப்படியான வண்டிக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு முறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். பிறகு அதை வாங்குவதா, ஜமாஅத்தின் ஹதியாவாக விடுவதா என்று கூடிப் பேசி முடிவெடுக்கலாம். எந்த முடிவாக இருந்தாலும் அந்த மனுசனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பிளக்கில் கை வைக்கும்போது கூச வேண்டியிருக்கக் கூடாது.

எங்கள் பள்ளியில் காசு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். மாமா கேட்கவில்லை. மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு, “மருமகன், கணக்கப் பாத்துச் செல்லுங்க” என்பார். நான் 9 அலகைப் பள்ளியின் விலையால் பெருக்கித் தாளில் எழுதிக் கொடுப்பேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் உண்டியலில் போடுவார்.

“ஏன் மாமா கூட?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“நிறுக்கக்குள்ள தட்டுக் கொஞ்சம் தாழத்தான் வேணும் மனே” என்றார்.